நோவு வந்தா அப்பத் தெரியும்

(வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு: ‘வேண்டியவருக்கு நோய் வரும்போது நாத்திகர் வேண்டிக்கொள்கிறாரா?’ தலைப்பைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. நம்ம பக்கத்தில் இதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை. ‘ஒன் புள்ளைக்கு ஒரு நோவு நொடின்னு வரட்டும், அப்பத் தெரியும்’ என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர் கெட்டவர் இல்லை. பெரியம்மாவாக இருப்பார், பக்கத்து வீட்டு அண்ணியாக இருப்பார். ஆனால் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். என் கருத்து தப்பு என்று அது வாதாடவே இல்லை. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருக்கிறேன் என்கிறது. கேள்வி மாதிரி உடுத்திக்கொண்டு வருகிற சாபம் இது.

இதற்குப் பகுத்தறிவு மேடைகளில் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நாத்திகனுக்கு நோவு வந்தால் கோயிலுக்குப் போவானா என்று கேட்கிறாயே, பக்தனுக்கு நெஞ்சு வலித்தால் எங்கே போகிறான்? 108க்குத்தானே போன் போடுகிறான்? பேய்க்குப் பயந்து ஒருத்தன் ஓடினால், அவன் ஓடுவதாலேயே பேய் இருக்கிறது என்று ஆகிவிடுமா? சரியான பதில்தான். கைதட்டலும் விழும். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்தப் பதில் எதுக்கும் உதவாது. அங்கே அவன் யாரிடமும் வாதத்தில் ஜெயிக்க வேண்டியதில்லை.

பகத்சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1930 அக்டோபரில் லாகூர் சிறையில் ‘நான் ஏன் நாத்திகன்?’ கட்டுரையை எழுதுகிறார். தமிழில் அதை மொழிபெயர்த்ததற்காக ஜீவா சிறைக்குப் போனார். கட்டுரையின் கடைசியில் இதே பேச்சு வருகிறது. கடைசி நாட்களில் நீயும் நம்பத் தொடங்கிவிடுவாய் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அப்படிச் செய்வது எனக்கு இழிவு, சுயநலத்துக்காக வேண்டமாட்டேன் என்கிறார் பகத்சிங். 1931 மார்ச் 23இல் தூக்கு. அந்த நெஞ்சுரத்துக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அது அவருடைய சொந்த உயிர். அதை எப்படி முடித்துக்கொள்வது என்று தீர்மானிக்க அவருக்கு உரிமை இருந்தது. படுக்கையில் கிடப்பது உன் அம்மா என்றால்? அவளுக்கு நம்பிக்கை இருந்து உனக்கு இல்லை என்றால்? உன் கொள்கைக்கு விலையாக அவளுடைய ஆறுதலைக் கொடுப்பாயா? ‘சுயநலத்துக்காக வேண்டமாட்டேன்’ என்ற பதில் இந்த இடத்துக்குப் பத்தாது. இது சுயநலம் இல்லையே.

இந்தக் கேள்வியை முழு பாரத்தோடு சுமந்த ஒரு மனிதரை நமக்குத் தெரியும்.

அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த பிள்ளைகள் ஐந்து. மிஞ்சியது யஷ்வந்த் ஒருவர்தான். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926இல் இறந்தான். ரமாபாய் பக்தி உள்ளவர், விரதம் இருப்பவர். உடம்பு நைந்துகொண்டே வந்தது. பண்டரிபுரம் போக வேண்டும், விட்டலனைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அம்பேத்கர் அழைத்துப் போகவில்லை. பக்தர்களைத் தீண்டத்தகாதவர் என்று தள்ளி நிறுத்துகிற பண்டரிபுரம் நமக்கு எதற்கு, நம் வாழ்க்கையால், நம் மக்களுக்குச் செய்யும் தொண்டால் வேறொரு பண்டரிபுரத்தை நாமே உண்டாக்குவோம் என்று சொன்னதாக தனஞ்செய் கீர் எழுதுகிறார். 1935 மே 27இல் ரமாபாய் இறந்துபோனார். ஆசை நிறைவேறவில்லை.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு நோயாளியின் ஆசைதானே, கூட்டிப் போயிருக்கக்கூடாதா என்று தோன்றும். அப்புறம் பண்டரிபுரத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் கோயிலின் பெரிய வாசலுக்கு வெளியே சொக்கமேளரின் சமாதி இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு. மகர் சாதி. விட்டலனைப் பாடிப் பாடியே செத்தவர். சுவர் கட்டும் வேலையில் சுவர் இடிந்து விழுந்து மாண்டார் என்று சொல்கிறார்கள். எலும்பைக் கொண்டுவந்து வாசலில் புதைத்தார்கள். உள்ளே இல்லை, வாசலில். அதற்குப் பிறகு அறுநூறு வருஷமாக மகர்கள் அந்த சமாதிவரைதான் போகலாம். அதைத் தாண்டி ஒரு படி வைக்க முடியாது. கோயிலைத் திறந்துவிடச் சொல்லி சானே குருஜி உண்ணாவிரதம் இருந்தது 1947 மே மாதம். ரமாபாய் இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து!

ஆக, நோயில் நைந்த ரமாபாயை அம்பேத்கர் கூட்டிப் போயிருந்தால் அந்தம்மா எங்கே நின்றிருப்பார்? செத்த ஒருவரின் எலும்புக்குப் பக்கத்தில், வெளியே. அம்பேத்கர் ரமாபாயின் வேண்டுதலை மறுத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டில் விரதம் இருந்ததை யாரும் தடுத்ததாக நான் படித்ததில்லை. வாசலில் நிற்பதைத்தான் மறுத்தார். ரெண்டும் வேற வேற.

ரமாபாய் இறந்த பிறகு அம்பேத்கர் தலையை மழித்துக்கொண்டார். இதைப் பிடித்துக்கொண்டு ‘பாத்தீங்களா, அவரே சடங்கு பண்ணாரு’ என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். துக்கம் வேறு, வேண்டுதல் வேறு அய்யா. வேண்டுதல் என்றால் ஏதோ ஒன்று கிடைக்க வேண்டும் என்று கேட்பது. செத்தவளுக்காக முடி எடுத்தவன் யாரிடம் எதைக் கேட்டான்? அவரிடம் கேட்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை. அதே 1935 அக்டோபர் 13, யேவலா மாநாடு. இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவிக்கிறார். நான் முடிச்சுப் போடவில்லை. ரெண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

பெரியாரையும் சொல்லிவிட வேண்டும். நாகம்மையார் இறந்தது 1933 மே 11. சடங்கு கிடையாது, ஒப்பாரி கிடையாது. மறுநாளே திருச்சிக்கு ஒரு கல்யாணம் நடத்தி வைக்கப் போய்விட்டார். இதுவும் ஒரு வழி. எனக்கு மழித்த தலைதான் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது. இது கொள்கைத் தீர்ப்பு இல்லை, என் மனசு.

சரி, நம்ம வீடுகளுக்கு வருவோம். நம் நாத்திகத்தில் ஒரு வசதி இருக்கிறது. அதை ஆம்பளைங்க யாரும் பேசுவதில்லை. வேண்டுதல் என்கிற வேலையைப் பொம்பளைங்க தலையில் கட்டிவிட்டு, நாம் சுத்தமான நாத்திகராக இருந்துகொள்கிறோம். எங்க நைனா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். கருப்புச் சட்டை போட்டவர், அம்பேத்கர் படத்தைத் தவிர வீட்டில் வேறு படம் மாட்ட விடமாட்டார். ஆடி மாசம் வந்தால் கூழ் ஊத்துறதுக்கு அம்மா கையில் பணம் கொடுத்துவிட்டு, டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். எங்களுக்கு அம்மை போட்டால் வேப்பிலை கட்டினது அம்மா. மஞ்சத் தண்ணி ஊத்தினது அம்மா. தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு கால் வெந்தவளும் அவதான். நைனா மேடையில் பேசினார். இப்படி எத்தனை வீடு! அவ பாத்துக்குவா என்கிற தைரியத்தில் எத்தனை பேர் கொள்கையில் உறுதியாக இருக்கிறோம்? பிள்ளைக்கு நோய் வந்தால் நாத்திகன் வேண்டிக்கொள்கிறானா என்று கேட்டால், அவனுக்கு அந்த அவசியமே வருவதில்லை, வீட்டில் ஆள் வைத்திருக்கிறான் என்பதுதான் உண்மை.

அம்மை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் பெரிய விவாதம் நடந்தது. சிறுதெய்வம் நம் மாற்றுப் பண்பாடா, அதுவும் கழற்றிப் போட வேண்டிய விலங்கா என்று. விவாதம் முடியவில்லை, முடிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பெரியம்மை முடிந்துவிட்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல். உலகத்தில் இருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். ஒழித்தது ஊசி. ஆத்தா கோபித்துக்கொண்டு கிளம்பிவிடவில்லை, இங்கேயேதான் இருக்கிறாள். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். அவர் இதை வேறு மாதிரிப் படித்தார். அம்பிகையம்மன் என்பவள் ஒரு பௌத்த பிக்குணி, வேப்பிலையால் வைத்தியம் செய்தவள் என்றார். வரலாறாக அதை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். நோயாளிக்குப் பக்கத்தில் சாமியை உட்கார வைக்காமல் வைத்தியம் தெரிந்த ஒரு பெண்ணை உட்கார வைத்தார் பாருங்கள், அந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்க பக்கம் குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு எடுப்பார்கள். ரேணுகா கதை உங்களுக்குத் தெரியும். பரசுராமன் அம்மா தலையை வெட்டுகிறான். கூடவே ஒரு சேரிப் பெண்ணின் தலையும் வெட்டுப்படுகிறது. உயிர் கொடுக்கும்போது தலை மாறிப்போகிறது. தலை அவங்களுது, ஒடம்பு நம்மளுது. நோவு வருவது எதற்கு? ஒடம்புக்குத்தானே.

இப்போது எங்க அம்மா கதை. இது இல்லாமல் பேசினால் ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடும். அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்குகிறது, கால் வீங்கிப்போய் அமுக்கினால் குழி விழுகிறது. ஊர் சனம் மொத்தமும் வந்து பார்த்தது. தலகாணிக்கு அடியில் கெங்கையம்மன் குங்குமம், சின்னத்தை கொண்டுவந்த வேளாங்கண்ணி எண்ணெய், எதிர் வீட்டு பாய் தர்காவில் மந்திரித்து வாங்கி வந்த கயிறு. மூணு மதமும் ஒரே தலகாணிக்கு அடியில் சண்டை போடாமல் கிடந்தது. கையில் கயிறைக் கட்டியிருந்தார்கள். ஊசி போட நரம்பு தேடிய நர்ஸம்மா, ‘கயிற எடுங்க சார்’ என்றார். அவிழ்த்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டு முடிந்ததும் இன்னொரு கையில் கட்டிவிட்டேன். பார்க்க வந்த தோழர் ஒருத்தர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே, ‘இன்னா தோழர், நீங்களுமா?’ என்றார்.

நான் அவருக்கு அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். அந்தக் கயிறு என்னுது இல்லை, எங்க அம்மாவுது. அவ கண்ணாடியை எடுத்து வச்ச மாதிரி, பல்செட்டை எடுத்து வச்ச மாதிரி எடுத்து வச்சேன். கண் தொறந்தா கையைத் தடவிப் பாப்பா, காணோம்னா பதறுவா. கட்டிவிட்டேன். என் நாத்திகத்தை நிரூபிக்க அவ கை எதுக்கு?

நீ உள்ளுக்குள்ளே ஒண்ணுமே வேண்டிக்கலையா என்றால், வாயில் வார்த்தை வந்தது உண்மை. ‘பொழச்சிக்கோம்மா, பொழச்சிக்கோ’ என்று ராத்திரி பூரா முணுமுணுத்திருக்கிறேன். யாரிடம்? எங்க அம்மாவிடம்தான். எனக்கு முன்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவளிடம். ரத்த வங்கியில் இருந்தவரிடம் கேட்டேன், டூட்டி டாக்டரிடம் கேட்டேன், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணனிடம் கெஞ்சினேன். கெஞ்சியது எல்லாமே முகம் உள்ளவர்களிடம். கவிதை எழுதுகிறவன் என்பதால் வார்த்தைக் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். ‘அய்யோ’, ‘ஆத்தா’ என்று வாய் கத்துவது வலியின் சத்தம். அதைத் தத்துவம் என்று ஒருத்தன் எழுதிக்கொண்டால் அது அவன் பாடு.

மூணாவது நாள் அம்மா கண் விழித்தாள். ‘எனக்காக வேண்டிக்கினியாடா?’ என்று கேட்டாள். ‘இல்லம்மா. முழிச்சிக்கினு இருந்தேன்’ என்றேன். ‘முழிச்சிக்கினு இன்னா பண்ணே?’ ‘நீ மூச்சு வுடறத எண்ணிக்கினு இருந்தேன்.’ அம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. ‘பேங்க்ல வேல பாக்கறவன்தானே நீ. எண்ணி எவ்ளோ வந்துச்சி?’ என்றாள்.

அதற்கப்புறம் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வாரம் ரெண்டு தடவை. ரெண்டு வருஷம் இருந்தாள். அந்த நடுவில் ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார். பக்கத்து ஊரில் பழைய கோயில் ஒன்று இருக்கிறது, அங்கே பரிகாரம் பண்ணினால் நோய் தீரும், அய்யரிடம் பேசி வைத்திருக்கிறேன், நீங்கள் வெளியில் நின்றால் போதும், உள்ளே அவர் செய்துவிடுவார் என்று. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா சொல்லிவிட்டாள்: ‘ஒடம்பு நல்லா இருந்தப்ப உள்ள வுடாதவன், ஒடம்பு கெட்ட பொறவு இன்னாத்துக்கு? எனக்கு எங்க ஆத்தா போதும்.’ அந்த வருஷம் வைகாசியில் ஆட்டோ வைத்து சிரசு பார்க்கக் கூட்டிப் போனேன். கூட்டத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் கும்பிட்டாள். நான் பிடித்திருந்தேன். பண்டரிபுரத்துக்குக் கூட்டிப் போகாததும் இதுவும் முரண்பாடு என்று யாராவது சொன்னால், எங்கே முரண் என்று எனக்குக் காட்டட்டும்.

பேங்க் கவுண்டரில் இன்னொரு பாடம் கிடைக்கிறது. நகைக் கடனுக்கு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பாதிக் கதை ஆஸ்பத்திரியில் போய்த்தான் முடியும். ஒரு அம்மா மூக்குத்தியும் கம்மலும் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் பிழைத்தால் அந்த மூக்குத்தியை அம்மனுக்குப் போடுவதாக வேண்டுதலாம். ஆனால் அவர் பிழைப்பதற்கு அதே மூக்குத்தியைத்தான் அடகு வைக்க வேண்டியிருக்கிறது. ‘மீக்கறதுக்கு லேட்டானா அம்மன் ஒண்ணும் சொல்லாது சார், அது வட்டி கேக்காது. நீங்கதான் கேப்பீங்க’ என்றார். பக்கத்தில் இருந்த கேஷியர் வரைக்கும் சிரித்தார். அந்தம்மாவுக்குத் தெளிவாகத் தெரியும், டாக்டர் பீஸ் எது, காணிக்கை எது என்று. அவர் கையில் வசதி இருந்தால் ரெண்டையும் கட்டியிருப்பார். இல்லாதபோது எதை முதலில் கட்டினார் பாருங்கள்.

கூட்டுப் பிரார்த்தனை பற்றியும் ஒரு வார்த்தை. 1984இல் எம்.ஜி.ஆர். படுத்தபோது ‘ஒளிவிளக்கு’ படத்துப் பிரார்த்தனைப் பாட்டைத் தியேட்டர்களில் போட்டார்கள், நாடே அழுதது. 2016இல் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சின்னப் பிள்ளைகளுக்கு அலகு குத்தினார்கள். திராவிட இயக்கத்தின் வழியில் வந்த கட்சி! குத்தப்பட்ட கன்னம் யாருடைய பிள்ளையின் கன்னம் என்று யோசியுங்கள். அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. இருதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேர். முன்பின் தெரியாதவர்கள் அவர்களில் சிலருக்காகப் பிரார்த்தித்தார்கள். பலன் இல்லை. தனக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்களில், பிரார்த்திக்கப்பட்டவர்களுக்கு 52, பிரார்த்திக்கப்படாதவர்களுக்கு 51. ‘நமக்காக சனம் கூடி வேண்டுது, அவ்ளோ மோசமா இருக்கோமா’ என்று பயந்துவிட்டார்களோ என்னவோ!

வேண்டுதலில் எனக்குப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அது நோயின் சொந்தக்காரனைத் தப்பவிடுகிறது. நைனா தோல் ஷாப்பில் இருமி இருமிச் செத்தார். ‘ஆத்தா, ஏன் இப்படிச் சோதிக்கற?’ என்று அம்மா கேட்டாள். ஆத்தாவா சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கிவிட்டாள்? பாலாற்றுத் தண்ணீரைத் தோல் கழிவு கெடுத்தது என்று வேலூர் மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆறு இன்னும் நல்லாகவில்லை, அது வேறு சோகம். ஆனால் அந்த மனுவுக்கு ஒரு விலாசம் இருந்தது, போய்ச் சேர்ந்தது, பதில் வந்தது. விலாசம் இல்லாத மனு எழுதியே நம் பெண்கள் ஆயுசு போயிருக்கிறது.

அம்பேத்கர் கடைசியாக எழுதி முடித்த ‘புத்தரும் அவரது தம்மமும்’ நூலில் நோயாளிகளிடம் புத்தர் காட்டிய அக்கறை பற்றி ஒரு பகுதி வருகிறது. ஒரு பிக்குவுக்கு வயிற்றுப்போக்கு. தன் மலத்திலேயே விழுந்து கிடக்கிறார். மற்ற பிக்குகள் திரும்பிப் பார்க்கவில்லை, அவரால் யாருக்கும் பிரயோசனம் இல்லை என்பதால். புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். ரெண்டு பேரும் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறார்கள். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

இதை அம்பேத்கர் எதற்காகப் பொறுக்கி எடுத்து வைத்தார் என்று ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்து பார்த்தால் புரியும். பெட்பேன் எடுக்கிற அக்கா எந்தத் தெருவில் இருந்து வருகிறார்? வார்டைக் கழுவுகிறவர், பிணவறையில் நிற்கிறவர்? பணக்கார நோயாளிக்கு மந்திரம் போனில் ஓதப்படுகிறது, மலத்தை நம்ம ஆள் எடுக்கிறார். மந்திரத்துக்குத் தட்சிணை, மலத்துக்குத் தினக்கூலி, அதுவும் கான்ட்ராக்ட். பிறப்பால் எங்கள் மேல் சுமத்திய வேலையைப் புத்தர் தன் கையால் செய்தார். அந்த நேரத்தில் அவர் பிரார்த்தித்ததாக எங்கேயும் எழுதவில்லை.

எங்க அம்மாவுக்கு ரத்தம் தேவைப்பட்ட ராத்திரி எட்டு பேருக்குப் போன் போட்டேன். ரெண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் சர்ச்சுக்குப் போகிறவர், இன்னொருத்தர் எதையும் நம்பாதவர். நேரம் ஆகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். வாசலில் புத்தக மேசை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பேர், போன் நம்பர், ரத்த வகை, ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார வர முடியுமா முடியாதா என்று நாலு கட்டம் போட்டிருக்கிறேன். ஆண் தோழர்கள் நாலாவது கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, பேங்க் பேனா மாதிரி. யாரும் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது.